துடிக்கும் இதயத்தில் தையல்: கருவிகளும் அவற்றின் கொடுக்கல் வாங்கலும்

1.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு கரோனரித் தமனி, அதாவது இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனி. அதன் முன்சுவரில் 5 மி.மீ. நீளக் கீறல். கீறலின் ஓரத்தைச் சுற்றி, தலைமுடித் தடிமனே உள்ள 7-0 அல்லது 8-0 பாலிபுரொப்பிலீன் நூலால் பத்துப் பன்னிரண்டு குத்து. பைபாஸ் அறுவையின் சாரம் இவ்வளவுதான். இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டால் இது கைப்பழக்கம். நிறுத்தாவிட்டால், ஊசி முனை சுவரைத் தொடும் நேரத்தில் சுவர் அங்கே இருக்காது. வேகமாகக் குத்தினால் பின்சுவரும் சேர்ந்து தைபட்டுவிடும். தயங்கினால் ஓரம் கிழியும்.

இந்த அசைவை அடக்கத்தான் ஸ்டெபிலைசர், பொசிஷனர், ஷண்ட், ப்ளோயர் என்று ஒரு தட்டு நிறையக் கருவிகள் வந்தன. ஆனால் எதுவும் சும்மா கிடைப்பதில்லை. ஒவ்வொரு கருவியும் அசைவைக் குறைத்துக் கொடுத்து, பதிலுக்கு ரத்த அழுத்தத்திலிருந்தோ இதயத் தசைக்குப் போகும் ரத்தத்திலிருந்தோ கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. எது எங்கிருந்து எடுக்கிறது, எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்ற கணக்கில் தப்பும்போதுதான் அறுவை கைமீறுகிறது. தையல் சரியாக வராமல் கைமீறுவது அதைவிடக் குறைவு.

இதய அறுவை தொடங்கியதே துடிக்கும் இதயத்தில்தான். 1925-ல் லண்டனில் ஹென்றி சூட்டர், இடது மேலறையின் காதுமடல் போன்ற பையைத் திறந்து விரலை உள்ளே விட்டு, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் ஒட்டிப்போன மைட்ரல் வால்வை விரித்தார். பின்னாளில் டப்ஸ் விரிப்பான் வந்தது: கீழறையின் நுனி வழியாக நுழைத்து, மேலறையில் காத்திருக்கும் விரலால் தடவி வழிகாட்டி, வால்வுக்குள் விரியவிடும் இரண்டு அலகுகள். 1953-ல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதல் வெற்றியைக் கண்ட பிறகு, இதயத்தை நிறுத்திச் செய்வதே முறை என்றாகிவிட்டது. 1964-ல் லெனின்கிராடில் வசிலி கோலெசோவ் மார்பின் உட்புறத் தமனியை, இயந்திரம் இல்லாமலே, கரோனரித் தமனியோடு தைத்து இணைத்தார். ஆனால் உலகெங்கும் பரவியது, 1967-ல் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ காலின் சிரையைக் கொண்டு செய்த பைபாஸ்தான். 1980களில் அர்ஜென்டினாவில் பெனெட்டியும் பிரேசிலில் புஃபோலோவும் துடிக்கும் இதயத்தில் விடாமல் செய்துவந்தார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்தவை இழுவைத் தையல்களும் துடிப்பை மெதுவாக்கும் மருந்துகளும் பொறுமையும்தான். கருவி என்று சொல்லத்தக்கது 1990களின் நடுவில்தான் வந்தது.

பிடிப்பது: ஸ்டெபிலைசர்

இதயம் முழுவதையும் அசையாமல் வைக்க வேண்டியதில்லை. தைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு கட்டை விரல் அகலப் பரப்பு நின்றால் போதும். மற்ற இடமெல்லாம் துடிக்கட்டும். இந்த எண்ணத்திலிருந்து இரண்டு வகைக் கருவிகள் பிறந்தன. முதல் வகை அழுத்திப் பிடிப்பது. குதிரை லாடம் அல்லது இரு பல் முள்கரண்டி வடிவப் பாதத்தைத் தமனியின் இருபுறமும் வைத்து மெல்ல அழுத்துவது. இரண்டாவது வகை உறிஞ்சிப் பிடிப்பது. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் கார்னீலியஸ் போர்ஸ்டின் குழு உருவாக்கிய ஆக்டோபஸ் இதன் முன்னோடி. பாதத்தின் இரு கரங்களிலும் வரிசையாகச் சிறு கிண்ணங்கள். அவை வெற்றிடக் குழாயோடு இணைந்து இதயத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். பேருக்கு ஏற்ற வேலை.

இரண்டிலும் பாதத்தைவிடக் கையைத்தான் கவனிக்க வேண்டும். கோத்த மணிகளைப் போல உருண்டையும் குழியுமாக அடுக்கிய துண்டுகள், நடுவே ஓடும் ஒரு எஃகுக் கம்பி. திருகைத் திருப்பினால் கம்பி இறுகி, மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி, வளைந்து தொங்கிய கை விறைத்துக்கொள்ளும். கையின் அடிப்பகுதி மார்பெலும்பை விரித்துப் பிடித்திருக்கும் ரிட்ராக்டரின் தண்டில் பூட்டப்பட்டிருக்கும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். பாதத்தைச் சரியாக வைத்துவிட்டுத் திருகை முழுதாக இறுக்கினால், கை விறைக்கும்போது அதன் நுனி சில மில்லிமீட்டர் நகரும். பெரும்பாலும் கீழ்நோக்கி. அந்தச் சில மில்லிமீட்டர் கீழறையை உள்ளே அமுக்கப் போதும். முக்கால் பங்கு இறுக்கிவிட்டு, பாதத்தைப் பரப்பின்மேல் பட்டும் படாமலும் கொண்டுவந்து, சக்‌ஷனைத் திறந்து, கிண்ணங்கள் பற்றிய பிறகு கடைசித் திருப்பைக் கொடுத்து, ஒரு நூலளவு மேலே தூக்கி விடுவதுதான் சரியான வரிசை. உறிஞ்சும் கருவியின் ஆதாயமே இதயத்தை அமுக்காமல் பிடிக்க முடிவதுதான். அதை அழுத்தும் கருவியைப் போலப் பயன்படுத்தினால் அந்த ஆதாயம் போய்விடும்.

உறிஞ்சு விசையை வழக்கமாக 400 மி.மீ. பாதரசம் வரை வைப்பார்கள். அதற்கு மேல் போனால் பிடிப்பு கூடுவதைவிட, கிண்ணம் பட்ட இடத்தில் வட்ட வட்டமாக ரத்தம் கன்றுவதுதான் கூடும். பிடிப்பு நழுவினால் விசையை ஏற்றத் தோன்றும். காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். இதயத்தின் மேல் கொழுப்புப் படலம் தடித்திருக்கலாம், கிண்ணத்துக்குள் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம், பாதத்தின் ஒரு ஓரம் மட்டும் பரப்பைத் தொடாமல் காற்று இழுத்துக்கொண்டிருக்கலாம். வளைக்கக்கூடிய பாதமாக இருந்தால் இதயத்தின் வளைவுக்கு ஏற்ப அதை முன்பே மடித்துக்கொள்ளலாம். பிடித்த பிறகு இரு கரங்களையும் சற்று அகற்றினால் நடுவிலுள்ள திசு இழுபட்டுத் தட்டையாகும். எஞ்சும் அசைவு 1 மி.மீ. அளவுக்கு இறங்கும். அதைக் கை பின்தொடர்ந்துவிடும். எடுக்கும்போது முதலில் சக்‌ஷனை மூட வேண்டும், பிறகுதான் தூக்க வேண்டும். அவசரத்தில் இதை மாற்றிச் செய்தால் மேற்படலம் உரிந்து வரும்.

திருப்புவது: இங்கேதான் அழுத்தம் விழும்

இதயத்தின் முன்பக்கம் ஓடும் எல்.ஏ.டி. தமனிக்கு இதயத்தைப் பெரிதாக அசைக்க வேண்டியதில்லை. கீழே ஈரமான துணி ஒன்றை வைத்துச் சற்று உயர்த்தினாலே போதும். பக்கவாட்டிலும் அடியிலும் உள்ள தமனிகளுக்குத்தான் இதயத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும், நுனி கூரையைப் பார்க்கும் அளவுக்கு.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பிரேசிலின் ரிக்கார்டோ லிமா பெயரால் அழைக்கப்படும் ஆழ்தையல். இதயத்தைக் கையால் தூக்கி, பின்புற இதய உறையில், இடது கீழ் நுரையீரல் சிரைக்கும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் இடையில் ஒரு குத்து. நூலில் ஒரு துணிப் பட்டையைக் கோத்து இழுத்தால் இதயம் தொட்டிலில் கிடந்த குழந்தையைப் போலத் தானே எழுந்து வரும். குத்து மேலோட்டமாக இருக்க வேண்டும். அந்த உறைக்கு உடனே பின்னால் உணவுக்குழாயும் இறங்கு பெருந்தமனியும் இருக்கின்றன. நூல் இதயத்தசையின்மேல் நேரடியாக உரசினால் அறுத்துவிடும். துணிப் பட்டை அதற்காகத்தான். இரண்டாவது வழி, நுனியைப் பற்றும் உறிஞ்சு கிண்ணம். இதைப் பொசிஷனர் என்பார்கள். நுனியின் உச்சியில் நேராக வைக்காமல் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி, எல்.ஏ.டி. கிண்ணத்துக்குள் மாட்டாதபடி வைக்க வேண்டும். இழுக்கக் கூடாது, இதயம் அதில் தொங்க வேண்டும். இழுத்தால் கீழறை நீண்டு ஒடுங்கும், உள்ளே ரத்தம் நிரம்ப இடம் இருக்காது.

தூக்கி நிறுத்தியதும் அழுத்தம் ஏன் விழுகிறது? பலரும் இடது கீழறையைச் சந்தேகிப்பார்கள். குற்றவாளி பெரும்பாலும் வலது கீழறை. அதன் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தம் குறைவு. இதயம் நிமிரும்போது அது வலது பக்க உறைக்கும் மார்பெலும்புக்கும் இடையில் நசுங்குகிறது. நசுங்கிய அறைக்குள் ரத்தம் வராது, வராதது இடப்பக்கம் போகவும் போகாது. உட்ரெக்ட் குழு பன்றிகளில் செய்த ஆய்வுகளில், இதயத்தை 90 டிகிரி நிமிர்த்தியதும் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தின் அளவு வெகுவாகச் சரிந்தது. தலைப்பக்கம் 20 டிகிரி தாழ்த்தியதும் பெருமளவு மீண்டது. இன்றும் முதல் வைத்தியம் அதுதான்: மேசையின் தலைப்பக்கத்தை இறக்கு, வலப்பக்கம் சாய். அடுத்தது, வலது பக்க இதய உறையை இழுத்துக் கட்டியிருக்கும் தையல்களைத் தளர்த்துவது. அதுவும் போதாவிட்டால் வலது நுரையீரல் உறையைத் திறந்து, வலது இதயம் அந்த வெற்றிடத்துக்குள் உருள வழிவிடுவது. ரத்தநாளத்தை இறுக்கும் மருந்து இவற்றுக்குப் பிறகுதான். நசுங்கிய அறையை நிமிர்த்தாமல் மருந்தை மட்டும் ஏற்றுவது, குழாயில் தண்ணீர் வராததற்கு மோட்டாரின் வேகத்தைக் கூட்டுவது போல. மடிந்த குழாயை யார் நிமிர்த்துவது?

நிமிர்த்துவதில் இன்னொரு சிக்கல், மைட்ரல் வால்வின் வளையம் கோணுவது. நன்றாக மூடிக்கொண்டிருந்த வால்வு திடீரென்று கசியத் தொடங்கும். உணவுக்குழாய் வழி எக்கோவில் இதைப் பார்க்கலாம். மயக்க மருத்துவர் "கசிவு கூடுகிறது" என்றால், ஸ்டெபிலைசரைக் கழற்றி, இதயத்தைப் பழைய இடத்தில் படுக்கவிட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, வேறு கோணத்தில் மறுபடி தூக்குவதே வழி. அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்க மனமில்லாமல் "இன்னும் நாலு குத்துதான்" என்று தொடர்வது ஆபத்தின் தொடக்கம்.

ரத்தத்தை ஒதுக்குவது

தமனியைத் திறந்தால் ரத்தம் பீறிடும். அதை நிறுத்தச் சிலிகான் நாடாவால் தமனியைக் கீறலுக்கு மேற்புறத்தில் சுருக்குப் போட்டு இறுக்கலாம். தமனியை மட்டும் பிடிக்காமல் சுற்றியுள்ள தசையையும் சேர்த்து அகலமாகச் சுற்றி, அடியில் சிறு மெத்தைத் துண்டு வைத்து இறுக்குவார்கள். கீழ்ப்புறத்தில் சுருக்குப் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. நோயில்லாத சுவர் அங்கேதான் இருக்கிறது, சுருக்குப் பட்ட இடமே பிற்பாடு குறுகலாம்.

சுருக்கு இறுகிய நொடியிலிருந்து அந்தத் தமனிக்குக் கீழுள்ள தசை பட்டினி. எவ்வளவு பட்டினி தாங்கும் என்பதில்தான் ஒரு முரண் இருக்கிறது: முழுதாக அடைபட்ட தமனி பாதுகாப்பானது, பாதி அடைபட்டது ஆபத்தானது. முழு அடைப்பில் பக்கக் கிளைகள் ஏற்கெனவே வளர்ந்து அந்தத் தசையைப் பார்த்துக்கொள்கின்றன. சுருக்குப் போட்டால் புதிதாக எதுவும் நிற்பதில்லை. 60, 70 சதவீத அடைப்பில் தசை அந்தத் தமனியையே நம்பியிருக்கும். வலது கரோனரித் தமனியின் நடுப்பகுதி இதற்குப் பேர்போனது. மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணுவுக்கு ரத்தம் தரும் கிளை பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு இந்தத் தமனி வழியாகவே வருவதால், சுருக்குப் போட்ட சில நிமிடத்தில் துடிப்பு 30-க்கு இறங்கலாம். வலது தமனியைத் தொடுவதற்கு முன்பே இதயத்தைத் தூண்டித் துடிக்கவைக்கும் தற்காலிகப் பேஸிங் கம்பியைத் தைத்து, பெட்டியோடு இணைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுவது இதனால்தான். முடிந்தால் நடுப்பகுதியைத் தவிர்த்து, அதன் கீழ்க்கிளையில் தைப்பது இன்னும் நல்லது.

பட்டினியைத் தவிர்க்க வந்ததுதான் கரோனரி ஷண்ட். இரு முனையிலும் ஆலிவ் காய் போன்ற புடைப்புள்ள, 1 முதல் 3 மி.மீ. வரை பல அளவுகளில் வரும் மெல்லிய குழாய். நடுவில் ஒரு நூலும் அதன் நுனியில் ஒரு பட்டையும். கீறலுக்குள் ஒரு முனையை விட்டு, குழாயை வளைத்து மறு முனையையும் செருகினால், ரத்தம் குழாய்க்குள் ஓடும், தைக்கும் இடம் காய்ந்திருக்கும். கூடுதலாக ஒரு லாபம்: குழாய் உள்ளே இருக்கும்வரை பின்சுவரைச் சேர்த்துத் தைக்க முடியாது. ஆனால் ஷண்ட் முழு ரத்த ஓட்டத்தைத் திருப்பித் தரும் என்று நினைக்கக் கூடாது. குழாயின் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. உள்விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. தசையை உயிரோடு வைக்க அது போதும், அழுத்தம் சரிந்துகொண்டிருந்தால் போதாது.

அளவு தேர்வதில் நிதானம் வேண்டும். பெரியதைத் திணித்தால் உட்படலம் சுருண்டு உரியும்; சிறியதாக இருந்தால் ஓரத்தில் கசிந்து, போட்டதன் பயனே இல்லை. சுண்ணாம்பு படிந்த தமனியில் முனை தட்டுப்பட்டால் தள்ளக் கூடாது, எடுத்துவிட்டுச் சுருக்கோடு தைக்க வேண்டும். கடைசி இரண்டு சுற்று நூலைத் தளர்வாக வைத்து, ஷண்டின் நடுவிலுள்ள நூலைப் பிடித்து அதை உருவி, பிறகு முடிச்சுப் போட வேண்டும். உருவியதும் ஷண்ட் முழுதாக வந்ததா என்று செவிலியர் எண்ணிச் சொல்ல வேண்டும்.

ஷண்ட் இருந்தும் கசியும் ரத்தத்தை விலக்க ப்ளோயர்: கரியமில வாயுவையும் உப்புநீரையும் கலந்து மூடுபனியாக வீசும் பேனா போன்ற கருவி. வாயு கரியமிலமாகவே இருக்க வேண்டும். அது ரத்தத்தில் விரைவாகக் கரையும். காற்றில் இருக்கும் நைட்ரஜன் கரையாமல் குமிழாக நின்று தமனியை அடைக்கும். வேகம் நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல் வேண்டாம். உப்புநீர்த் துளி நின்று வெறும் வாயு மட்டும் வந்தால் உட்படலம் காய்ந்து சேதப்படும். உதவியாளர் ஊசி குத்தும் நேரத்துக்கு மட்டும் வீச வேண்டும், சாய்வாக வீச வேண்டும். கீறலுக்குள் நேராக வீசினால் உட்படலம் பிரிந்து உயரும். முடிச்சுப் போட்ட பிறகு திடீரென்று இ.சி.ஜி.-யில் மாற்றம் தெரிந்தால், தையலைக் குறை சொல்வதற்கு முன் ப்ளோயர் அனுப்பிய குமிழையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெருந்தமனியைத் தொடாமல்

அடைப்பைத் தாண்டி ரத்தம் கொண்டுபோகத் தைக்கும் ஒட்டு நாளத்தின் மறு முனையைப் பெருந்தமனியில் தைக்க, பக்கவாட்டில் கடித்துப் பிடிக்கும் கவ்வி போடுவது பழைய வழக்கம். சுவரில் சுண்ணாம்பும் கொழுப்புக் கசடும் இருந்தால் கவ்வி அவற்றை நொறுக்கி மூளைக்கு அனுப்பிவிடும். இயந்திரத்தைத் தவிர்ப்பதன் பெரிய லாபமே பக்கவாதத்தைக் குறைப்பதுதான் என்றால், கடைசியில் கவ்வியைப் போடுவது அந்த லாபத்தைக் கைநழுவ விடுவது. அதனால் முதலில் பெருந்தமனியின் மேலேயே அல்ட்ராசவுண்டை வைத்துப் பார்க்க வேண்டும். விரலால் தடவிப் பார்ப்பது போதாது, மென்மையான கசடு விரலுக்குத் தெரியாது.

சுவர் நன்றாக இருந்தால் ஹார்ட்ஸ்ட்ரிங் போன்ற அடைப்புக் கருவி உதவும். துளைக் கருவியால் சிறு துளை போட்டு, விரலால் மூடி, சுருட்டிய குடை போன்ற அடைப்பை உள்ளே செலுத்தினால் அது உட்புறம் விரிந்து ரத்தத்தை மறிக்கும். சுற்றிலும் தைத்துவிட்டு இழுத்தால் அது நூலாகப் பிரிந்து வெளியே வந்துவிடும். துளை ஓரம் கந்தலாக இருந்தால் அடைப்பு கசியும். ஊசி ஆழமாகப் போனால் அடைப்பையும் சேர்த்துத் தைத்து, வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். தையலே வேண்டாம் என்று 2000களின் தொடக்கத்தில் வந்த, நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவையாலான இணைப்பிகளின் முதல் தலைமுறை, ஒட்டு நாளங்கள் குறுகி அடைபட்டதால் வழக்கொழிந்தது. மார்பின் இரு உட்புறத் தமனிகளையும் மட்டும் கொண்டு, பெருந்தமனியைத் தொடவே தொடாமல் முடிப்பது இன்னும் சுத்தமான வழி. அதற்குத் திறமை அதிகம் வேண்டும், கருவி குறைவாகப் போதும்.

யாருக்கு இது லாபம்

இரண்டு பெரிய ஆய்வுகளை எதிரெதிராக வைத்துப் படித்தால் தெளியும். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2203 பேரிடம் நடந்த ரூபி ஆய்வு 2009-ல் வெளியானது. துடிக்கும் இதய அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 12.4 சதவீதத்தினரை நடுவிலேயே இயந்திரத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஓராண்டுக்குப் பிறகு திறந்திருந்த ஒட்டு நாளங்கள் 82.6 சதவீதம், இயந்திர முறையில் 87.8. மறுபுறம், 19 நாடுகளில் 4752 பேரிடம் நடந்த, 'கரோனரி' என்றே பெயரிட்ட ஆய்வு 2012-ல் வெளியானது. 30 நாளிலும், பின்னர் 5 ஆண்டிலும், மரணம், பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்ததில் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதில் பங்கெடுத்த மருத்துவர் அந்த முறையில் 100 அறுவைக்கு மேல் செய்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. ரூபியில் பயிற்சியில் இருந்தவர்களும் தைத்தார்கள். வேறுபாட்டின் பெரும்பகுதி கருவிகளில் இல்லை, அவற்றைப் பிடித்த கைகளில்தான் இருக்கிறது என்றே இதைப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்தாறு பேருக்கு மட்டும் இதைச் செய்யும் கூடம், யாருக்கும் செய்யாமல் இருப்பதே நல்லது. பெருந்தமனி முழுக்கச் சுண்ணாம்பு படிந்தவருக்கோ, இந்த முறை வெறும் மாற்றுவழி அல்ல; பெரும்பாலும் அதுதான் வழி.

இயந்திரத்துக்கு மாறுவதிலும் இரண்டு வகை உண்டு. "இந்தத் தமனி தசைக்குள் புதைந்திருக்கிறது, இயந்திரத்தில் போகலாம்" என்று நிதானமாக மாறுவது தோல்வி ஆகாது. கீழறை அதிரத் தொடங்கி, இதயத்தை அழுத்திக்கொண்டே குழாய் செருகுவதுதான் தோல்வி. அப்போது இறப்பு அபாயம் பல மடங்கு. எல்லைகளை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது இதற்காக: சராசரி அழுத்தம் 50-க்குக் கீழே இறங்கி, மேசைச் சாய்வுக்கும் மருந்துக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஏறாவிட்டால் நிறுத்துவது என்று. இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் கூடத்திலேயே இருக்க வேண்டும், இயந்திரத்தின் குழாய்ச் சுற்று தயாராக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் இதோடு சேர்ந்ததுதான். இயந்திரத்துக்குக் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் கொடுப்பார்கள். இங்கே பலர் 150 முதல் 200 கொடுத்து, உறைதல் நேரத்தை 300 வினாடிக்கு மேல் வைத்துக்கொள்கிறார்கள். மாற வேண்டி வந்தால் மீதி அளவு சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். உடல் குளிர்ந்தால் இதயம் தடம் மாறித் துடிக்கும் என்பதால், இயந்திர அறுவையைப் போல இங்கே உடலைக் குளிரவிட முடியாது. பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதே காரணத்துக்காகத்தான்.

வரிசைக்கும் ஒரு காரணம் உண்டு. எல்.ஏ.டி.-யை முதலில் முடித்து, மார்புத் தமனியின் ரத்தத்தைத் திறந்துவிட வேண்டும். முன்சுவருக்கு ரத்தம் கிடைத்துவிட்டால், பிறகு இதயத்தைத் தூக்கி நிறுத்தும் கடினமான கட்டத்தை அது தாங்கிக்கொள்ளும். ஆனால் தூக்கும்போது முடித்த ஒட்டு நாளம் இழுபடக் கூடாது. அதற்குத் தக்க நீளம் விட்டே தைக்க வேண்டும்.

ஒவ்வொரு இணைப்பும் முடிந்ததும் ஓட்டமானியின் கொக்கியை ஒட்டு நாளத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும். நாளத்தின் தடிமனுக்கு ஏற்ற கொக்கி, இடைவெளியில் ஜெல். நிமிடத்துக்கு 20 மி.லி.-க்கு மேல் ஓட்டம், ஓட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் துடிப்புக் குறியீடு 5-க்குக் கீழே, ஓட்டத்தின் பாதிக்கு மேல் இதயம் தளரும் கட்டத்தில் என்றால் ஏற்கலாம். ஓட்டம் குறைந்து குறியீடு ஏறியிருந்தால் தையலைப் பிரித்துப் பார்க்கத் தயங்கக் கூடாது. அழுத்தம் 60-ல் இருக்கும்போது பார்த்த எண்ணை நம்பவும் கூடாது. 80-க்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். கடைசி அளவீடு இதயம் தன் இடத்துக்குத் திரும்பி, ஸ்டெபிலைசரும் பொசிஷனரும் கழன்று, ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் உடலில் ஏறிய பிறகு. தூக்கி நிறுத்தியிருந்தபோது நேராக ஓடிய சிரை, இதயம் படுத்ததும் மடிந்துகொள்வதுண்டு. மார்பெலும்பை மூடுவதற்கு முன் நுரையீரலை ஒருமுறை முழுதாக ஊதச் சொல்லி, மார்புத் தமனி அதன் மேல் இழுத்துக் கட்டிய கயிறாக நிற்கிறதா, தளர்வாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கம்பியைக் கையில் எடுக்க வேண்டும்.